பாஸாகிவிட்ட மூச்சு

லிங்கசாமியின் பனியன் கம்பெனிக்குள் நுழையும் எந்த வெளிநாட்டு வியாபாரியும் இரண்டு காட்சிகளிலிருந்து தப்ப முடியாது. ஒன்று, வாசலில் தண்ணீர் பீய்ச்சும் சிமெண்ட் டால்பின். இன்னொன்று, கன்னையனின் சல்யூட். டால்பினுக்கு மோட்டார் கெட்டுப்போனால் கோயமுத்தூரிலிருந்து ஆள் வந்து கழற்றிப் பார்ப்பான். கன்னையனுக்கு அந்த வசதி கிடையாது.

கன்னையன் பதினேழு வருஷம் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். நாயக் பதவியோடு ஊர் திரும்பினார். லிங்கசாமிக்கு அந்தப் பதவி போதவில்லை.

"நாயக்குன்னா வெள்ளக்காரனுக்கு என்ன தெரியும்? இனிமே மேஜர்னு சொல்லு" என்று மானேஜர் கருப்புசாமியிடம் உத்தரவு போட்டார். இந்திய ராணுவம் பதினேழு வருஷத்தில் தராத பதவி உயர்வை ஆத்தப்பன் நிட் எக்ஸ்போர்ட்ஸ் ஒரே மத்தியானத்தில் தந்துவிட்டது. சம்பளம் மட்டும் வாட்ச்மேன் சம்பளமாகவே இருந்தது. மேஜர்கள் சிக்கனமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கலாம்.

லிங்கசாமியின் அப்பா ஆத்தப்பன் காலத்தில் கம்பெனி இருக்கும் இடம் தோட்டமாக இருந்தது. கன்னையனின் அப்பா அதன் களத்துக்குள் செருப்போடு வந்ததில்லை. இப்போது கன்னையன் அதே இடத்தில் பளபளக்கும் பூட்ஸ் போட்டு நின்றார். பூட்ஸ் இல்லாமல் வந்தால்தான் லிங்கசாமிக்குக் கோபம் வந்தது. ஏற்றுமதியின் மகிமையை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த நீலத் தொப்பி. 1993-இல் ஐ.நா. அமைதிப்படையோடு கன்னையன் சோமாலியாவுக்குப் போனபோது கொடுத்தது. "ஐ.நா. சபையே நம்ம கேட்டுல நிக்குதுங்க" என்று திருப்பூர் காதர்பேட்டை வியாபாரிகளிடமெல்லாம் லிங்கசாமி சொல்லிவைத்திருந்தார். சோமாலியாவில் ஐ.நா. சபை என்ன வேலை பார்த்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கன்னையன் சொல்லியிருப்பார்: குப்பை எரித்தது.

அதுதான் அவர் வேலை. முகாமில் சேரும் குப்பையை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், கூடாரங்களுக்குப் பின்னால் வெட்டியிருந்த குழியில் கொட்டி, டீசல் ஊற்றிப் பற்ற வைக்க வேண்டும். பிளாஸ்டிக், டயர், பழைய பேட்டரி, கெட்டுப்போன டின் சாப்பாடு, ஆஸ்பத்திரித் துணி எல்லாம் ஒரே குழியில் எரியும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து எதிர்ப்பக்கம் நிற்பார். அவர் நின்றவுடன் காற்று திரும்பிவிடும். பதினோரு மாதம் இந்தக் கண்ணாமூச்சி நடந்தது.

இப்போது ஸ்டூலிலிருந்து கேட் வரைக்கும் பதினொரு எட்டு. கார் வரும்போது விறைப்பாக நடந்து போய், கதவைத் திறந்து, சல்யூட் அடித்து, கார் டால்பினைத் தாண்டும் வரை அப்படியே நிற்க வேண்டும். தாண்டியதும் கன்னையன் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போய்விடுவார். பையில் விசிலோடு சேர்ந்து கிடக்கும் மருந்துக் குப்பியை எடுத்து, வாயில் வைத்து இரண்டு முறை அழுத்தி இழுப்பார். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் பூனை அடங்கும். மேஜர் மறுபடி ஸ்டூலுக்கு வருவார்.

இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி மயிலாள்.

மயிலாள் அதே கம்பெனியில் கைமடி. தைத்து வரும் பனியன்களில் நூல் பிசிறு வெட்டி, மடித்து அடுக்குகிற வேலை. பன்னிரண்டு வருஷக் கை. அவள் மடித்த பனியன் கட்டை ஸ்கேல் வைத்து அளந்தாலும் ஓரம் பிசகாது. வேலை முடிந்து வரும்போது தலை, புருவம், கழுத்து மடிப்பு எல்லாம் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். காங்கேயத்தில் ஹாஸ்டலில் படிக்கும் மகள் சாரதாமணி லீவுக்கு வந்தால், "அம்மா, நரைச்சுப் போச்சு" என்று கிண்டல் பண்ணுவாள்.

போன கார்த்திகையில் கன்னையனுக்கு மூச்சு ரொம்பவும் கட்டிக்கொள்ள, மயிலாள் அவரை இழுத்துக்கொண்டு ஒரு தனியார் டாக்டரிடம் போனாள். டாக்டர் குழலை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். கன்னையனிடம் ஒன்றும் கேட்கவில்லை. மயிலாளின் தலையைத்தான் பார்த்தார்.

"பனியன் கம்பெனியா?"

"ஆமாங்க சாமி. கைமடிங்க."

"அப்புறமென்ன. பஞ்சுத் தூசி. நீங்க கொண்டுபோறது, அவருக்கு ஏறுது" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். ஒரு நோயின் பூர்வீகத்தை ஆராய அவருக்கு நேரம் கிடையாது.

அன்றையிலிருந்து மயிலாள் வாசலிலேயே சேலையை உதறி, கொல்லைப் பக்கம் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் கால் வைத்தாள். மார்கழிக் குளிரிலும் அப்படித்தான். பாயையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேலம்பாளையம் லைன் வீட்டில் இருப்பது ஒரே அறை. அதற்குள் ஒரு மனுஷி எவ்வளவு தூரம் தள்ளிப் படுக்க முடியும்? அடுப்படித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பானைகளுக்கு நடுவில் போய்ச் சுருண்டுகொண்டாள்.

"பஞ்சு இல்ல புள்ள. அது சோமாலியாப் பொகை" என்பார் கன்னையன்.

"நீங்க டாக்டருங்களா?"

"எனக்குத் தெரியாதா?"

"எனக்காகச் சொல்றீங்க. என்ற தலையில இருக்கறதுதான் உங்க நெஞ்சுல இருக்குது. தீவாளி போனசு வாங்குனதும் நின்னுக்கறேன். காங்கேயத்துப் பக்கம் தேங்காக் களத்துக்குப் போறேன்."

"பன்னண்டு வருசக் கை..."

"கையப் பாத்தா மூச்ச ஆரு பாக்கறது?"

தன்னால்தான் புருஷன் நெஞ்சு கெட்டது என்று ஒருத்தி நம்பிவிட்டால், புருஷன் சொல்லி அதை மாற்ற முடியாது. அரசாங்கம் சொல்ல வேண்டும், அதுவும் முத்திரையோடு. ஆகவே கன்னையன் முன்னாள் படைவீரர் ஆபீஸில் ஒரு மனுக் கொடுத்தார். ராணுவ டாக்டர்கள் சோதித்துப் பார்த்து, 'இந்த நோய் பணியின்போது வந்தது' என்று எழுதினால் ஆயுசுக்கும் மருந்து கிடைக்கும், பென்ஷனில் கொஞ்சம் கூடும் என்றார்கள். கன்னையனுக்கு அந்த ஒரு வரி போதும். அது கையில் கிடைத்தால் மயிலாள் அடுப்படியிலிருந்து திரும்பி வந்துவிடுவாள்.

ஆனி மாதம் கடிதம் வந்தது. ரயிலேறிப் போக வேண்டிய ஊரில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரி. நுரையீரல் சோதனை.

சோதனை என்றதும் வீடு பரபரப்பானது. மயிலாள் ஒரு வாரம் தூதுவளை ரசம் வைத்தாள். தூதுவளைத் துவையல் அரைத்தாள். எட்டாம் நாள் தூதுவளை தோசை வந்தது. "நல்லாப் பண்ணிட்டு வாங்க" என்றாள். லிங்கசாமி ஒரு நாள் லீவைத் தங்கத் தட்டில் வைத்துக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு, "கம்பெனி பேரக் காப்பாத்திட்டு வா கன்னையா" என்றார். தோற்க வேண்டிய பரீட்சைக்கு இவ்வளவு சிரத்தையாக ஆளைத் தயார் செய்தது உலகத்தில் இந்தக் குடும்பமும் இந்தக் கம்பெனியுமாகத்தான் இருக்கும்.

கன்னையனுக்கும் அது உறைக்கவில்லை. பதினெட்டு வயதில் மார்பை விரித்துக் காட்டிப் பட்டாளத்தில் சேர்ந்ததிலிருந்து வருஷா வருஷம் மெடிக்கல். ஒரு தடவைகூட அவர் ஃபெயிலானதில்லை. ஃபெயிலாவது எப்படி என்று ராணுவத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் புதிதாகச் சேர வந்த பையன்கள் ஒரு முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கன்னையன். ஒரு சுபேதார், "லைன் மே ஆவோ!" என்று வரிசையில் வரச் சொல்லி அதட்டினார். அவ்வளவுதான். கன்னையனின் முதுகு தானாக நிமிர்ந்தது. வயிறு உள்ளே போனது. அதே சமயம் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தத் தொடங்கியது. முன்னால் நின்ற பையன் திரும்பிப் பார்த்தான்.

கன்னையன் அனுமதி கேட்டு டாய்லெட்டுக்குப் போனார். குப்பியை எடுத்து இரண்டு முறை இழுத்தார். போதாதென்று இன்னும் இரண்டு முறை இழுத்தார். முகம் கழுவி, மீசையைத் தடவி, வந்து நின்றார்.

ஊதுகிற மெஷினுக்கு ஒரு தடித்த குழாய் இருந்தது. வாயில் வைத்து ஒரே மூச்சில் ஊத வேண்டும். கன்னையன் ஊதினார். காகிதத்தில் கோடு மலை மாதிரி எழும்பியது. டாக்டரான மேஜர் எட்டிப் பார்த்தார். நிஜ மேஜர், தமிழர்.

"சபாஷ்! சிங்கம் மாதிரி ஊதறீங்களே. மருந்து ஏதாவது எடுத்துட்டு வந்தீங்களா?"

"நோ சார்!"

"மூச்சுத் திணறல் உண்டா?"

"நோ சார்!"

"இருமல்?"

"நோ... இப்ப இல்ல சார்!"

"அப்புறம் எதுக்கு மனு?"

இந்தக் கேள்விக்கு மட்டும் 'நோ சார்' பொருந்தவில்லை. கன்னையன் அட்டென்ஷனில் நின்று சுவரைப் பார்த்தார். வரிசையில் இருந்த பையன்கள் அவரை மரியாதையாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வை நன்றாகத்தான் இருந்தது. சிங்கத்தோடு அவர் ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்தார். மேம்பாலப் படியில் பாதி ஏறும்போது மருந்தின் வேகம் தணிந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூட்டை தூக்கிப் போனவர்கள் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்கள். தான் என்ன காரியம் பண்ணிவிட்டு வந்திருக்கிறோம் என்பது அந்தப் படியில்தான் அவருக்கு விளங்கியது.

வீட்டில் கேட்டதற்கு, "தபால்ல வரும்" என்று மட்டும் சொன்னார்.

தபால் கம்பெனி விலாசத்துக்கு வந்தது. லிங்கசாமி பிரித்தார். படித்துச் சொன்னவர் கருப்புசாமி: நுரையீரல் செயல்பாடு முற்றிலும் இயல்பு, குறைபாடு ஏதுமில்லை. லிங்கசாமியின் முகம் டால்பின் மாதிரி மலர்ந்தது. காரணம் உண்டு. ஒரு ஜெர்மன் வியாபாரி கொஞ்ச நாளாக, உங்கள் கம்பெனியில் பஞ்சுத் தூசி அதிகமாமே, தொழிலாளிகள் நெஞ்சு என்ன ஆகிறது என்று ஃபேக்ஸ் மேல் ஃபேக்ஸ் அனுப்பித் தொந்தரவு செய்துகொண்டிருந்தான். தூசியை உறிஞ்சும் மெஷின் வாங்கினால் செலவு. இந்தக் காகிதத்துக்கு ஃப்ரேம் போட்டால் ஐம்பது ரூபாய்.

ஃப்ரேம் போட்டார்.

அது சுதந்திரப் பொன்விழா வருஷம். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கம்பெனி முற்றத்தில் தொழிலாளிகள் எல்லாரையும் நிறுத்தி, கொடியேற்றி, லிங்கசாமி மைக்கைப் பிடித்தார். முதல் இருபது நிமிஷம் நாட்டுக்குத் தான் ஆற்றிய சேவையைச் சொன்னார். நாடு குறுக்கே பேசவில்லை. அப்புறம் கன்னையனைக் கூப்பிட்டார்.

"இதோ, நம்ம மேஜர்! ஆப்பிரிக்காவுல போயி நின்னவரு. அங்கிருந்து வந்து ரெண்டு வருசமா நம்ம கம்பெனிலதான் நிக்கறாரு. பஞ்சு பஞ்சுன்னு பேசறாங்களே, இதப் பாருங்க. ராணுவமே முத்திர குத்திக் குடுத்திருக்குது. நெஞ்சுல ஒரு கோளாறும் இல்ல!"

கைதட்டல் எழுந்தது. ஒரு சால்வையும் ஆறு பனியன் கொண்ட டப்பாவும் கிடைத்தன. பனியன்களில் இரண்டு கழித்துப்போட்ட செகண்ட்ஸ், கழுத்துத் தையல் கோணல். கைமடிப் பெண்கள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார்கள்.

"ஏனுங்க்கா, உங்கூட்டுக்காரரு நெஞ்சுதான் கெட்டிங்களா? டப்பாவச் சுமந்துட்டு ரெண்டு எட்டு நடக்க மாட்டீங்கறாரு!" என்றாள் பக்கத்தில் நின்ற ராமாயி.

மயிலாள் சிரிக்கவில்லை. கொடிக்கம்பத்தையும் பார்க்கவில்லை. விழா முடிந்து சாக்லேட் கொடுக்கும்போதே கருப்புசாமியிடம் போய், "தீவாளி வரைக்கும் இருக்கலீங்க. இந்த வாரத்தோட நின்னுக்கறனுங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவசர ஆர்டருக்காக விழாவுக்குப் பின் அரை ஷிப்ட் வேலையும் நடந்தது. அன்று மத்தியானம் வீட்டில் கன்னையன் சால்வையை மடித்துக்கொண்டிருந்தார். மயிலாள் வாசலில் நின்றபடியே பேசினாள். தலைக்கு இன்னும் ஊற்றவில்லை.

"பட்டாளத்துக்காரங்களே சொல்லிப்போட்டாங்க. அங்க ஒண்ணும் ஆகலீன்னு. அப்ப எங்கிருந்து வந்துச்சு? என்றகிட்ட இருந்துதான். இனிமே என்ன பேச்சு?"

"உள்ள வா புள்ள."

"குளிச்சுட்டு வாறேன்."

"குளிக்காம வா. ஒண்ணு சொல்லோணும்."

அவள் நிலைப்படியைத் தாண்டவில்லை. கன்னையன் அங்கேயே சொன்னார். வரிசையைச் சொன்னார், சுபேதாரைச் சொன்னார், டாய்லெட்டைச் சொன்னார். குப்பியை எத்தனை தடவை என்று அவள் கேட்டதற்கு, "நாலு இழுப்பு" என்றார்.

மயிலாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொகையால நெஞ்சு கெட்டுப்போச்சுன்னு சொல்லப் போன எடத்துல, நெஞ்சு நல்லாருக்குதுன்னு காட்டிப்போட்டு வந்தீங்களா?"

"பசங்க பாத்துட்டு நின்னாங்க."

"எந்தப் பசங்க?"

"ரெக்ரூட்டுப் பசங்க."

"அவிய உங்களுக்குப் பொண்ணுக் குடுக்கப் போறாங்களா?"

கன்னையனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும். வந்தது. இருமி முடித்து, கரகரத்த குரலில், "நானும் ஒரு வாரம் தூதுவளை தின்னவனாச்சே" என்றார்.

மயிலாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இருமல் தொடங்கும் சத்தம் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

"அப்ப ஆப்பிரிக்காவுலயே இருமல் இருந்துச்சுங்களா?"

"அங்க போயி ரெண்டாம் மாசத்துலயே."

"எனக்குச் சொல்லவே இல்லியே."

"சொன்னா நீ பயந்துக்குவ."

மயிலாள் மடமடவென்று உள்ளே வந்தாள். எட்டு மாதத்தில் முதல் முறையாகத் தலை நிறையப் பஞ்சோடு வந்தாள். அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் கையை விட்டு ஒரு கேசட்டை எடுத்தாள்.

மயிலாளுக்குப் படிக்க வராது. கடிதம் வந்தால் லைன் வீட்டில் யாரையாவது படிக்கச் சொல்ல வேண்டும். படித்தவர் வாயிலிருந்து அது லைன் முழுக்கப் போய்விடும். அதனால் 1994 பொங்கலுக்குக் கன்னையன் கடிதம் எழுதாமல், கூட இருந்த ஒரு சிப்பாயின் டேப்ரிக்கார்டரில் பேசி, லீவில் வந்தவனிடம் கேசட்டைக் கொடுத்துவிட்டார். அவள் அதை எத்தனை தடவை கேட்டிருப்பாளோ தெரியாது. அதில் ஒரு குறை இருந்தது. பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று 'க்க்' என்று ஒரு சத்தம் வரும். உடனே 'டக்'. மறுபடி பேச்சு தொடங்கும். மனுசனுக்கு மெஷினை அமுக்கத் தெரியவில்லை என்று அவள் நினைத்தாள். கேசட்டில் கோளாறோ என்று பனியன் துணியால் துடைத்துக்கூடப் பார்த்திருக்கிறாள்.

இப்போது அதை வீட்டு டேப்ரிக்கார்டரில் போட்டாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய கன்னையன் பேசினார்.

"மயிலா, நல்லாருக்கியா? பொங்கல் வெச்சீங்களா? நான் இங்க சொகமா இருக்கறேன். வேல லேசுதான். குப்பைய எரிக்கற... க்க்." டக். "சோறெல்லாம் நல்லாப் போடறாங்க. என்னயப் பத்திக் கவலப்படாத. நீதான் ஒடம்பப் பாத்துக்கோணும். பஞ்சுக்குள்ளயே நிக்கற. மூக்குல துணியக் கட்டிட்டு வேல செய்யி. இல்லாட்டி நெஞ்சுல போயி அடைச்... க்க்." டக்.

மயிலாள் ஸ்டாப் பொத்தானை அமுக்கினாள்.

"நீங்க இருமறப்பெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பேசுனீங்களா?"

கன்னையன் சால்வையின் ஓரத்தைச் சரிபார்த்தார்.

"அப்ப நான் திருப்பூர்ல இருந்தேன்" என்றாள் மயிலாள் மெதுவாக. யாருக்கோ சாட்சி சொல்வது மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "நீங்க அங்க இருந்தீங்க. என்ற தலைப் பஞ்சு ஆப்பிரிக்காவுக்கா பறந்து வந்துச்சு?"

தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கன்னையனுக்குத் தெரியவில்லை. அவளுக்குமே தெரிந்திருக்காது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"மறுபடி மனுப் போடுங்க. இந்த வாட்டி நானும் வாறேன்."

வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொன்னதையும் மறுநாள் வாபஸ் வாங்கிக்கொண்டாள். கருப்புசாமி சந்தோஷப்பட்டார். அவளுக்குப் பதில் இரண்டு பேரைப் போட வேண்டியிருந்திருக்கும்.

மறுபரிசீலனைக்கு ஐப்பசியில் கூப்பிட்டார்கள். அதே வராந்தா, அதே சுபேதார். பையன்கள் மட்டும் வேறு. மயிலாள் ஒயர் கூடையில் டூ-இன்-ஒன் டேப்ரிக்கார்டரைத் தூக்கி வந்திருந்தாள். மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தாள், சோற்றுப் பாத்திரம் மாதிரி. ரயிலை விட்டு இறங்கியதுமே கையை நீட்டினாள்.

"அதக் குடுங்க."

"எத?"

"குப்பிய."

"அவசரத்துக்கு ஒண்ணு..."

"அவசரம்னா நான் குடுக்கறேன்."

குப்பியை வாங்கி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வரிசையில் நிற்கும்போது கன்னையனின் கை இரண்டு முறை தானாகவே கால்சட்டைப் பைக்குள் போய் விசிலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மயிலாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் முறை வந்தது. அறைக் கதவு திறந்தே இருந்தது. குழாயை வாயில் வைத்தார். ஊதினார். கோடு கொஞ்சம் எழும்பிப் படுத்துக்கொண்டது.

"இன்னொரு தடவை" என்றார் மேஜர்.

இரண்டாவது தடவை பாதி மூச்சில் இருமல் பிடித்துக்கொண்டது. கன்னையன் மேஜை விளிம்பைப் பிடித்துக் குனிந்தார். பூனைக்குட்டியின் சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். கன்னையனின் காது சிவந்தது. பதினேழு வருஷத்தில் குண்டுச் சத்தத்துக்குக்கூட அவர் இவ்வளவு கூசியதில்லை. திரும்பி மயிலாளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. அவள் இடுப்பு முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளும் அழுகிற நிலையில்தான் இருந்தாள்.

"ஊதுங்க மாமா" என்றாள். "வர்ற அளவுக்கு ஊதுங்க. போதும்."

மூன்றாவது முறை ஊதினார். கோடு எறும்புப் புற்று உயரம்கூட எழவில்லை. மேஜர் தானே எழுந்து வந்து அவரை உட்கார வைத்தார். மருந்தை எடுத்து வாயில் கொடுத்தார். மருந்து பிடிக்கட்டும் என்று கால் மணி நேரம் காத்திருந்தார். மறுபடி ஊதச் சொன்னார். கோடு மலை மாதிரி எழும்பியது.

மேஜர் பழைய காகிதத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அன்னைக்கு இந்த மருந்த அடிச்சுட்டுத்தான் வந்தீங்களா?"

கன்னையன் எழுந்து நின்றார். "யெஸ் சார்."

அந்த அறையில் அவர் சொன்ன முதல் 'யெஸ் சார்' அதுதான்.

மேஜர் திட்டவில்லை. "உக்காருங்க" என்றார். "இருமல் சோமாலியாவுலதான் ஆரம்பிச்சதுன்னு எழுதியிருக்கீங்க. அங்க டாக்டர்கிட்டக் காட்டின சீட்டு இருக்கா?"

"காட்டலீங்க சார்."

"வீட்டுக்கு எழுதின லெட்டர்?"

மயிலாள் கூடையிலிருந்து துண்டை எடுத்தாள்.

கேசட் ஓடியது. பொங்கல் வந்தது, குப்பை வந்தது, 'க்க்' வந்தது, 'டக்' வந்தது. மூக்கில் துணி கட்டச் சொல்லும் இடம் வந்தபோது மேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வாசலில் பையன்கள் கூடி நின்று எட்டிப் பார்த்தார்கள். சுபேதார் அவர்களை விரட்ட வந்து, அவரும் நின்றுவிட்டார்.

"முப்பத்தொரு டக்குங்க சாமி. ரெண்டு பக்கமும் சேத்து" என்றாள் மயிலாள்.

"இந்த ஃபாரத்துல கேசட்டுக்குன்னு கட்டமே இல்லம்மா."

"கட்டம் இல்லாட்டி ஓரத்துல எழுதுங்க சாமி."

மேஜர் ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்தார். "புகையா பஞ்சா, எது எவ்வளவு கெடுத்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. பஞ்சும் நல்லதில்ல, அத மறந்துடாதீங்க. ஆனா இது அங்க பிடிச்சது. அத எழுதறேன். மேல இருக்கறவங்க முடிவு பண்ணட்டும்" என்றார். ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினார். மயிலாள் கேட்டதால் தமிழில் படித்தும் காட்டினார்: இருமல் தொடங்கியது வெளிநாட்டுப் பணியின்போது. ஆதாரம்: ஒலிநாடா, நேரில் கேட்கப்பட்டது.

மேலே இருக்கிறவர்கள் மெதுவாகத்தான் முடிவு பண்ணுவார்கள். அது அவர்கள் சுபாவம். மயிலாள் காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே அடுப்படித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பாயை எடுத்து வந்து, கன்னையன் பாய்க்குப் பக்கத்தில் போட்டாள்.

திங்கட்கிழமை லிங்கசாமி காரை விட்டு இறங்கியபோது, கன்னையன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சல்யூட் அடித்தார்.

"என்ன கன்னையா, எந்திரிக்க மாட்டியா?"

"நெஞ்சு இன்னிக்கு எந்திரிக்க வுடலீங்க."

"அதென்ன, நெஞ்சு நல்லாருக்குதுன்னு கண்ணாடி போட்டு மாட்டியிருக்கறேன்..."

"வேற ஒண்ணு எழுதியிருக்காங்க. வந்ததும் தாறனுங்க. பக்கத்துல மாட்டிக்கலாமுங்க. ஆணி மட்டும் அடிச்சு வெய்யுங்க."

லிங்கசாமி உள்ளே போனார். வரவேற்பறைச் சுவரை ஒரு முறை பார்த்தார். கம்பெனியை நேரில் பார்க்க ஜெர்மன்காரன் வர இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

கைமடி மேஜையில் மயிலாள் பனியன் துணியில் ஒரு பட்டை கிழித்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு நின்றாள். ராமாயி கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏனுங்க்கா, ஆப்ரேசன் பண்ணப் போறீங்களா? ஆரு சொன்னது இப்படிக் கட்டச் சொல்லி?"

"எங்கூட்டுக்காரரு ஆப்பிரிக்காவுல இருந்து சொன்னாரு" என்றாள் மயிலாள், மடிக்கிற கையை நிறுத்தாமல். "மூணு வருசங் கழிச்சுத்தான் காதுல உழுந்துச்சு. நீயும் ஒண்ணு கட்டிக்க."